தண்ணி

அப்பா பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். டீக்கடையில் யார் கையில் எந்தத் தாள் இருந்தாலும் சரி, "அந்த அணை போட்ட தாளக் குடுப்பா" என்று வாங்கிக்கொள்வார். உள்பக்கத்தில் ஒரு மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. அதை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "பெரியாறு 128" என்பார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" என்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் விடிவது இப்படித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட எங்கள் ஊருக்கு வராது.

திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. எதையாவது வாங்கவும் விற்கவும் அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். மொத்தமும் மானாவாரி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கம்மாய் நிறையும். நிறைந்தால் கொஞ்சம் நெல், மிளகாய். இல்லாவிட்டால் பருத்தி, உளுந்து, குதிரைவாலி என்று எது தாங்குமோ அது. அதுவும் இல்லாவிட்டால் சீமைக்கருவேல முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்க வேண்டியதுதான். குண்டாறு எங்கள் பக்கமாகத்தான் ஓடுகிறது. அதாவது, ஓடுகிறது என்று புத்தகம் சொல்கிறது. நான் பார்த்ததில் பாதி நாள் அது மணலாகத்தான் கிடந்தது. 2021இல் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டியபோது அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் 'தண்ணி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டும் சம அளவில் புழங்கின. பக்கத்து வீட்டு அத்தை வந்து "எங்கடா உங்கம்மா?" என்றால், "தண்ணி புடிக்கப் போயிருக்கு" என்பேன். "எங்க உங்கப்பா?" என்றால், "தண்ணியப் போட்டுட்டுப் படுத்திருக்காரு". சின்ன வயதில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஊரில் முக்கால்வாசி வீட்டில் இதே பதில்தான்.

கூச்சம் பிறகுதான் வந்தது. என் முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி அப்பாவோடு அருப்புக்கோட்டைக்குப் போய்த் திரும்பி வராத அன்று. அம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தாள். "யார்ட்டயும் சொல்லாத" என்றாள். வேப்பங்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டு ஒரு வருடம் திரிந்தாள்.

2014இல் அப்பாவுக்கு வயிறு வீங்கி மஞ்சள் காமாலை வந்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இனி தொட்டா நான் பொறுப்பில்ல" என்றார். அப்பா அன்றைக்கு நிறுத்தியதுதான். மாலை போடவில்லை, சத்தியம் செய்யவில்லை, எந்தக் கோயிலிலும் கயிறு கட்டிக்கொள்ளவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கேயாவது கேட்டு அது அவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். பத்து வருடம் அந்த வீட்டில் 'தண்ணி' என்றால் தண்ணீர் மட்டும்தான்.

*

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பேக்எண்ட். மாதத்தில் ஒருமுறை பணம் அனுப்புவது, ஞாயிற்றுக்கிழமை போன், பொங்கலுக்கும் பங்குனிக்கும் ஊர். எல்லாரையும் போலத்தான்.

2023 டிசம்பரில் எங்கள் டீமை நந்தி மலைக்குக் கூட்டிப் போனார்கள். காலையில் திப்பு கோட்டை, மேகம், செல்ஃபி. மதியம் அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் டேஸ்டிங். அந்தப் பக்கம் ஒயின் ஒன்றும் புதிதில்லை. குரோவர் குடும்பம் 1988இலேயே அங்கே பிரெஞ்சு ரகத் திராட்சைகளை வைத்து ஆரம்பித்துவிட்டது. 2007இல் கர்நாடக அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் எனக்கு அது புதிது. ஊரில் நான் பார்த்த 'ஒயின் ஷாப்' எதிலும் ஒயின் கேட்டு வந்த ஆளை நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்திருக்கும். பிராந்திக்கடைக்கு எந்தப் புண்ணியவான் அந்தப் பெயரை வைத்தானோ.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய பையனுக்கு என்னைவிட வயது குறைவு. மண்ணைக் காலால் தட்டிக் காட்டி, நல்ல ஒயின் வேண்டுமென்றால் கொடிக்குத் தண்ணீரை அளந்துதான் விட வேண்டும் என்றான். நிறையக் கொடுத்தால் பழம் பெரிதாகும், சாறு சப்பென்று போய்விடும். கொஞ்சம் தவிக்க விட்டால் பழம் சிறுத்து, தோல் தடித்து, நிறமும் மணமும் இறங்கும். இதற்கு அவன் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னான். நான் மனசுக்குள், அந்தக் கணக்குப் பார்த்தால் எங்க ஊரில் உலகத்தரமான சரக்கு விளைய வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். நூற்றுக்கணக்கான வருடமாகத் தவிக்கிற மண்ணாச்சே.

பிறகு ஒரு நீள மேசை. கண்ணாடிக் கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், சுழற்ற வேண்டும், முகர வேண்டும், ஒரு வாய் வைத்து நாக்கில் உருட்ட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் துப்புவதற்கு ஒரு பாத்திரம்கூட இருந்தது. குடியைத் துப்புகிற மனிதர்களை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு ஒயின் அன்றைக்குத்தான் முதல் தடவை என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் வந்து பத்து வருடம் ஆகிறது. பார்ட்டி, யாராவது வேலையை விட்டுப் போனால் டின்னர், வெள்ளிக்கிழமை. எப்போதாவது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் வாய் உள்ளே போகும்போது அம்மாவின் காதிலிருந்த வேப்பங்குச்சி ஒரு நொடி வந்து போகும். இரண்டாவது வாயில் வராது. அதுதான் பிரச்சினை.

கிளம்பும்போது ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கினேன். 1,200 ரூபாய். லேப்டாப் பையில் துண்டு சுற்றி வைத்தேன்.

*

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கையில் நாலு நாள் கூடுதல் லீவு இருந்தது. அப்பாவையும் அம்மாவையும் எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அம்மா தன் வாழ்க்கையில் ஏறிய ஒரே மலை திருப்பரங்குன்றம்.

"கொடைக்கானல் போவோமாப்பா? போட் விடுவாங்க. நல்ல ரூம் போடுறேன்."

அப்பா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பம் போலாமா தம்பி?"

"கம்பத்துல என்னப்பா இருக்கு?"

"பெரியாத்துத் தண்ணி வந்து விழுகுற எடம் இருக்குல்ல. லோயர் கேம்ப்பு."

ஐம்பது வருடம் பேப்பரில் படித்ததை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று புரிந்துகொண்டேன். அப்படித்தான் அப்போது புரிந்தது.

அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து புளியோதரை கிளறிவிட்டாள். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், வடகம். போகிற வழியில் ஆயிரம் ஓட்டல் இருக்கிறது என்றேன். "கட்டுச்சோறு இல்லாம பயணம் என்னய்யா பயணம்" என்றாள். ஆண்டிப்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி வாழை இலையில் போட்டுச் சாப்பிட்டோம். பிறகு எத்தனையோ மலையடிவார ஓட்டல்களைப் பார்த்தேன். அந்தப் புளியோதரைக்குப் பக்கத்தில் ஒன்றும் வராது.

காரியாபட்டி, கள்ளிக்குடி, திருமங்கலம், உசிலம்பட்டி. அதுவரை நமக்குத் தெரிந்த மண்தான். ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி இறங்கியதும் மேற்கே மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. தேனி தாண்டி சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருக்கி வருகிறது. நடுவில் நெல், தென்னை, வாழை. ஜன்னலைத் திறந்தால் ஈரம் மூக்கில் ஏறுகிறது. அம்மா "இம்புட்டுத் தண்ணியா" என்று இரண்டு முறை சொன்னாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. வாய்க்கால் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பி, அது கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்தப் பச்சைக்கு ஒரு பழைய கதை உண்டு, அது எங்கள் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், முடிகிற செலவாக இல்லை என்று விட்டுவிட்டார்கள். திருச்சுழி அன்றைக்கு ராமநாதபுரம் சீமைதான். எங்களைப் போன்ற வறண்ட காட்டுக்காரர்களின் தாகம்தான் அந்தத் திட்டத்துக்கு விதை.

அடுத்து 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. இரண்டு வருடம். தெற்கே ஊர் ஊராகச் செத்தார்கள், பிழைத்தவர்களில் பலர் கொழும்புக்கும் கண்டிக்கும் காப்பித் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் அரசாங்கத்துக்கு அவசரம் பிடித்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை. 1887இல் வேலை ஆரம்பம், 1895இல் முடிந்தது. பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று இந்தப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள், அப்பாவும் சொல்வார். பணம் போட்டது அரசாங்கம்தான். ஆனால் அந்தக் காட்டில் வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் எட்டு வருடம் மல்லுக்கட்டிய ஆளுக்கு ஊர் ஒரு கதை கொடுப்பதில் தப்பில்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் காலராவிலும் மலேரியாவிலும் செத்தார்கள். சாராயம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த அணை முடிந்தே இருக்காது என்று ஒரு பேச்சு அந்தக் காலத்திலேயே உண்டு. குளிருக்கும் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்தாம். தண்ணியைக் கொண்டுவரத் தண்ணி தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் திருச்சுழியில் 1879இல் பிறந்த ஒரு பையன், அணை முடிந்த அடுத்த வருடம், 1896இல், மலை தேடி வீட்டை விட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்கிறது. எங்கள் ஊர் சமதளத்தில் இருப்பவர்களுக்கு மலை என்றால் ஏதோ ஒன்று உள்ளே இழுக்கத்தான் செய்கிறது.

*

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. 2013இல் திறந்தது. நாங்கள் போனது ஜனவரி 15 கழிந்து இரண்டு நாளில். அன்றுதான் அவர் பிறந்தநாள். தேனி மாவட்டத்துக்காரர்கள் அன்றைக்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடுவார்கள். சிலையில் மாலைகள் காய்ந்து தொங்கின. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வெள்ளைக்காரரைக் கும்பிடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

குமுளி ரோட்டில் கொஞ்சம் ஏறினால் மலை உச்சியிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரிகிறது. தேக்கடியில் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிற தண்ணீர், அந்தக் குழாய்களில் விழுந்து கீழே கரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆறாகி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கும் பாய்ந்து, வைகையில் சேர்ந்து போகிறது. காரை ஓரங்கட்டினேன். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"142 வரைக்கும் நிப்பாட்டலாம்னு கோர்ட்டு சொல்லிருச்சு" என்றார். 2014 தீர்ப்பு. "நெறஞ்சாலும் நமக்கு வராது. ஆனா கொறஞ்சா ஏதோ நம்ம கம்மா வத்துன மாதிரி வயித்தக் கலக்கும்."

"எதுக்குப்பா அப்படி?"

"தெரியலப்பா. பழகிப்போச்சு."

கீழே இறங்கி, தண்ணீர் வேகமாகப் போகிற ஒரு இடத்தில் படித்துறை மாதிரி இருந்ததில் உட்கார்ந்து கால் நனைத்தார். அம்மா குடிதண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு அந்தத் தண்ணீரைப் பிடித்து மூடினாள். ஊருக்குக் கொண்டுபோய்க் கிணற்றில் ஊற்ற வேண்டுமாம்.

*

கம்பத்துக்கு வந்துவிட்டுத் திராட்சைத் தோட்டம் பார்க்காமல் போகக்கூடாது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல். பந்தலுக்குக் கீழே போனால் வெயில் பச்சையாகிவிடும். தலைக்கு மேல் குலை குலையாகக் கறுப்புப் பழம். இங்கே விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து வைத்தது என்கிறார்கள். மற்ற ஊர்களில் திராட்சைக்கு சீசன் உண்டு. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். வருடம் பூராவும் அறுவடை.

அம்மா ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு, "பூ வாசமால்ல அடிக்குது" என்றாள். அருப்புக்கோட்டை மல்லியோடு நாற்பது வருடம் புழங்கிய மூக்கு. அதில் விஷயம் இருக்கிறது. மஸ்கட் வகைத் திராட்சையின் மணத்துக்குக் காரணமான லினலூல் மல்லிகையிலும் இருக்கிறது. இன்னொன்று ஜெரானியால், அது ரோஜாவில் இருப்பது. பன்னீர் என்று பெயர் வைத்தவர்களுக்கு வேதியியல் தெரியாது, மூக்கு இருந்திருக்கிறது.

தோட்டக்காரர் நல்ல மனிதர். கையில் கத்தரிக்கோலோடு வந்தார். பழம் கிலோ அறுபது ரூபாய்க்குப் போகிறது, மருந்தடிக்கிற செலவே பாதியைத் தின்றுவிடுகிறது, பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துப் போகும், அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை என்றார். மழையைத் திட்டுகிற விவசாயியை அம்மா அதிசயமாகப் பார்த்தாள்.

"இதுல ஒயின் போட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"போடலாம்ங்க. ஜூஸ், ஒயின் எல்லாத்துக்கும் தோதான பழம்தான். எங்களுக்கு அன்னன்னிக்குப் பழமா வித்தாத்தான் காசு."

இந்தப் பேச்சு நடக்கும்போது அப்பா எங்களோடு இல்லை. நாலைந்து தூண் தள்ளி நின்று, கீழே தொங்கிய ஒரு கொடியை எடுத்துக் கம்பியில் சுற்றி, கிடந்த வாழைநாரைக் கிழித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் பார்த்துவிட்டார்.

"அண்ணே பந்தல் வேலை பாத்திருக்கீங்களா?"

அப்பா முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினார். "எம்பத்தி மூணுல. மழ தண்ணி இல்லாம காடு கரையெல்லாம் காஞ்சு போச்சு. எங்க ஊர்லருந்து பதினோரு பேரு வந்தோம். தூணு நட, கம்பி இழுக்க. ராயப்பன்பட்டில ஆறு மாசம் கெடந்தோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆனது 86இல்.

"இந்தத் தூணு பூராம் ரெண்டு ஆளு தோள்ல வச்சுத் தூக்கணும்" என்று அப்பா பக்கத்துத் தூணைத் தட்டினார். மாடு முதுகைத் தட்டுவது போல. "சாயங்காலம் தோளு ரெண்டும் செத்துப்போயிரும். சனிக்கெழம சம்பளம். சம்பளத்தன்னிக்கு மேஸ்திரியே கடைக்குக் கூட்டிட்டுப் போவான்."

அவ்வளவுதான் சொன்னார். கடை என்றால் என்ன கடை என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கள்ளுக்கடை இருந்தது, சாராயக்கடை இருந்தது. இரண்டுக்கும் கதவை அடைத்தது 1987 ஜனவரியில்தான். அப்பாவின் இருபத்தோராவது வயதும், இந்த மலையும், அந்தச் சனிக்கிழமைகளும் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. நான் சுற்றிப் பார்க்க வந்த ஊர் அவருக்குச் சுற்றிப் பார்க்கிற ஊர் இல்லை.

மூன்று கிலோ வாங்கினோம். தோட்டக்காரர் அப்பாவுக்கென்று ஒரு கிலோ சும்மா போட்டார். "நீங்க நட்ட தூணா இருந்தாலும் இருக்கும்ணே" என்றார்.

*

கம்பத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டிருந்தேன். அம்மா குளிக்கப் போயிருந்தாள். நான் கீழே போய் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் பை. கையில் அந்த பாட்டில்.

"துண்டு தேடுனேன்" என்றார்.

நான் பரோட்டாப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றேன். முப்பத்தி மூன்று வயதில், சொந்தச் சம்பளத்தில் வாங்கிய பொருளுக்காக, ஒன்பதாவது படிக்கும்போது சட்டைப் பையில் பீடி மாட்டியது போலக் காது சுட்டது.

"ஒயினுப்பா. ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. சும்மா வாங்குனேன்."

பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "திராட்சையா?"

"ஆமா."

"எம்புட்டு?"

"1,200."

"ஒரு பாட்டிலுக்கு எத்தன கிலோ பழம் போவும்?"

"ஒரு கிலோ. கொஞ்சம் கூட இருக்கலாம்."

மனசுக்குள் கணக்குப் போட்டார். அறுபது ரூபாய்ப் பழம். "தோட்டக்காரன் பாவம்" என்றார். பிறகு, பாட்டிலைப் பார்த்தபடியே, "நீ குடிப்பியா?"

"எப்பவாச்சும்ப்பா."

"நானும் எப்பவாச்சும்தான் ஆரம்பிச்சேன். சனிக்கெழம சனிக்கெழம."

எனக்குக் கோபம் வந்தது. என்ன கோபம் என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. இதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி என்ற கோபம் ஒன்று. அதற்குக் கீழே, நான் வேற, நீங்க வேற என்ற கோபம். நான் தண்டில் பிடித்துச் சுழற்றிக் குடிக்கிறவன், துப்பப் பாத்திரம் வைத்துக் குடிக்கிறவன். அவர் தோள் செத்துப்போய்க் குடித்தவர். "இது அது மாதிரி இல்லப்பா" என்றேன். சொன்ன உடனேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

"இருக்கும்" என்றார். உண்மையாகவே ஒப்புக்கொள்கிற குரல். "நெசமாவே இருக்கும். எனக்கு வலிக்கு மருந்துன்னு குடுத்தானுக. ஒனக்கு வலி ஒண்ணும் இல்லைல்ல?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அலறுகிற போன், அப்ரைசல், பதினைந்தாவது மாடியில் தனியாகச் சாப்பிடுகிற தோசை, எல்லாம் ஒரு சுற்று வந்தது. இதையெல்லாம் தூண் தூக்கிய மனிதரிடம் வலி என்று எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை.

பாத்ரூமில் தண்ணீர் நின்றது. அப்பா சட்டென்று பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் அடியில் தள்ளி ஜிப்பை இழுத்தார். எத்தனையோ வருடம் எங்கெங்கோ ஒளித்து வைத்த கை. அந்த வேகம் மறக்கவில்லை.

"உங்கம்மா பாத்துரக் கூடாது" என்றார். "அவளுக்கு இன்னொரு தடவ தாங்காது."

நாங்கள் மூன்று பேரும் பொட்டலத்தைப் பிரித்துப் பரோட்டா சாப்பிட்டோம். சால்னாவில் உப்புக் கூடுதல் என்றாள் அம்மா.

*

மறுநாள் காலை சுருளி அருவி. தண்ணீர் நிதானமாக விழுந்தது. அப்பா ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்து நின்றார். தோளைக் காட்டி நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் வலது தோள், பிறகு இடது தோள். மேலே மேகமலைக் காடு புகை மாதிரி தெரிந்தது. அம்மா கரையில் உட்கார்ந்து மிச்சத் திராட்சையைத் தின்றுகொண்டு, "என்ன குளிர்ச்சிய்யா இந்த ஊரு" என்றாள். நல்ல பயணம்தான். ஊருக்குத் திரும்பியதும் பாட்டில் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றினாள்.

பெங்களூர் வந்த பிறகு ஒயின் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் குடிப்பதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். விடவில்லை. குறைந்திருக்கிறது. இரண்டாவது வாயிலும் வேப்பங்குச்சி ஞாபகம் வருகிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு கல்தூணும் வருகிறது.

மாறியது வேறொன்று. அப்பா எனக்குத் தானாகப் போன் செய்கிற பழக்கம் இல்லாதவர். இப்போது செய்கிறார். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு. முதலில் பெரியாறு எத்தனை அடி என்று சொல்வார். பிறகு வைகை. பிறகு எங்கள் கம்மாய், அதற்கு அடிக்கணக்கு இல்லை, "கெடக்கு" அல்லது "இல்ல". அந்த மார்ச்சில் பெங்களூரில் போர்வெல்லெல்லாம் வற்றி அபார்ட்மெண்டுகள் லாரித் தண்ணீருக்கு அலைந்தபோது அது தமிழ்ப் பேப்பரிலும் வந்திருந்தது.

"அங்க தண்ணியெல்லாம் எப்புடிப்பா இருக்கு?" என்று கேட்டார்.

எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை.

"சமாளிக்கிறேன்ப்பா" என்றேன்.

"ம்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பின்னால் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "சரி. அடுத்த வாரம் கூப்புடுறேன்" என்று வைத்தார்.